மாசிலாமணி வீட்டுத் தெரு

வெளிச்சம் வடக்கிலிருந்து வரவேண்டும்.
மேஜைமேல் ஆட்டுத்தோலை விரித்து
உள்ளங்கையால் ஒருதரம் தடவுவேன்.
முள் கீறியது, உண்ணி கடித்தது,
அம்மை வந்து ஆறினது,
உரித்தவன் அவசரத்தில் கத்தி சறுக்கினது,
ஒன்றும் என்னிடம் தப்பாது.
பேரணாம்பட்டில் இருபத்தாறு வருஷமாய்
செத்த ஆட்டின் முதுகில்
சாக்பீஸால் எண் போடுகிறவன் நான்.
ஒன்று, இரண்டு, நான்கு, கழிவு.
தோலுக்கு எட்டு நொடி.
முதலாளி பாய் சொல்வார்:
"ஏசுபாதம் கண்ணுக்கு
ஈ உக்காந்த இடம்கூடத் தெரியும்."

அந்தக் கண்தான்
மார்ச் கணக்கில் நாற்பது தோல் குறைந்தபோது
மாசிலாமணியைப் பார்த்தது.
பெயரிலேயே மாசில்லாதவன்.
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பார்த்தேன், அவ்வளவுதான்.
நான் பார்த்த பக்கம் பாயும் பார்த்தார்.
நாற்பது தோலும்
என் மகள் நர்சிங் படிப்பின் முதல் தவணையாய்
முந்தின வாரமே
வாணியம்பாடி ஏஜெண்டு வண்டியில் போயிருந்தன.

அன்றைக்கு ராத்திரி
இடி விழும் என்று படுத்திருந்தேன்.
விடிந்தது. பால்காரன் வந்தான்.
தெருக்கோடியில் எவன் வீட்டுச் சேவலோ கூவியது.
அதைக் கேட்டு ஒருவன் வெளியே போய் அழுதானாம்.
நான் பல் விளக்கினேன்.

ஆண்டவரே,
பதினொரு வருஷம்.
நீர் அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.
மகள் பாஸானாள்,
வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை.
என் சர்க்கரைகூடக் கட்டுக்குள் இருக்கிறது.
போர் போட்டேன், இருநூறு அடியில் தண்ணீர்.
பக்கத்து வீட்டுக்காரன்
தொள்ளாயிரம் போயும் வெறும் புழுதி.
இது என்ன நியாயம் என்று
அவன் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழங்காலிட்டுப்
பாவ அறிக்கை சொல்கிறேன்.
எல்லாரும் சேர்ந்து சொல்வதில் ஒரு வசதி,
எது யாருடையது என்று தெரியாது.
ஐயர் அப்பத்தட்டோடு வரிசையில் வருகிறார்.
எனக்கு ரெண்டு ஆள் முன்னால்
மாசிலாமணி பெண்டாட்டி சொர்ணமேரியின் கை,
பீடி சுற்றிச் சுற்றி நுனி தேய்ந்த விரல்கள்.
பிறகு என் கை.
ஒரே அப்பம்.
ஒருநாளும் நீர் என்னைத் தாண்டிப் போனதில்லை.
தாண்டிப் போயிருக்கலாம்.

முதுகு கூசுகிறது.
எண் விழுந்துவிட்டதா என்று
சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்,
சிரிக்காதீர்.
உம்முடைய மேஜையில்
பதினொரு வருஷமாய் விரித்தபடி கிடக்கிறேன்.
வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது.
தடவிக்கொண்டே இருக்கிறீர்.
சாக்பீஸை எங்கே வைத்தீர்?

சுண்ணாம்புக் குழியில் புதுப் பையன்கள்
மயிரைப் பிடித்து இழுத்தால் திட்டுவேன்:
ஊறட்டும்டா, தானா கழலும்,
இழுத்தா கிழிஞ்சிடும்.
நேற்று சொல்லும்போது
பாதியில் வாய் நின்றுவிட்டது.

இன்று வியாழன்.
ஷாப்பு விட்டதும் வண்டியைத் திருப்பினேன்.
மசூதி, பீடி கம்பெனி, உடைந்த அடிபம்பு,
அப்புறம் அந்தத் தெரு.
வாசலில் குந்திக்கினு
சைக்கிள் டியூபை வாளித்தண்ணீரில் அமுக்கி
ஓட்டை எங்கே என்று
மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தான்.
குமிழி ஒன்று வந்தது.
தலை நிமிர்ந்தான்.
"இன்னாண்ணே, இந்தப் பக்கம்?"

"காத்து அடிக்கணும்" என்றேன்.

அடித்தான். காசு வாங்கவில்லை.
ரெண்டு டயரும் கல்லு மாதிரி இருக்க
வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்கும் அந்தத் தெரு இருக்கும்.
நீரும் இருப்பீர் அங்கேயே,
அழுக்குத்தண்ணி வாளிக்குப் பக்கத்தில்
அவசரமில்லாமல் குந்தியபடி.